ஐந்தரை மணி ட்ரிகர்

ட்ரிகரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓட்டிவிட வேண்டும். இந்த மூன்றாவது வேலையை மறந்துவிட்டு டீ குடிக்கப் போகிற புண்ணியவான்களால்தான் எங்கள் தொழிலில் பாதிப் பஞ்சாயத்து வருகிறது. அதனால் எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. யார் ட்ரிகரைத் தொட்டாலும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வந்து, "ஓடுதா?" என்று கேட்க வேண்டும். தொட்டவர் திரையில் எரியும் பச்சை விளக்கைக் காட்டி, "ஓடுது" என்று சொல்ல வேண்டும். வருடக்கணக்காக இதைச் சாமி கும்பிடுவது போலத் தவறாமல் செய்துவந்தோம். ஓடுகிறதா என்று கேட்டோமே தவிர, எந்த ஊர் மணிக்கு ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், நினைவு ஏற்றுகிற கம்பெனியில் வேலை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தலையில் அடிபட்ட சிலருக்கு ஒரு கஷ்டம் வந்துவிடுகிறது. பகலில் நடப்பதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும், தூங்கி எழுந்தால் துடைத்துப் போட்டதுபோல் போய்விடும். அடிபடுவதற்கு முன்பு உள்ளது மட்டும் அப்படியே இருக்கும். அவர்களுடைய காதுக்குப் பின்னால் நாங்கள் ஒரு பொத்தான் வைக்கிறோம். அவர்கள் பார்ப்பது, கேட்பது, பேசுவது எல்லாவற்றையும் அது பகல் முழுக்கப் பதிந்து எங்கள் கிளவுட்டுக்கு அனுப்பும். விடிவதற்கு முன்பு, அவர்கள் தூக்கத்தில் இருக்கும்போதே, அடிபட்ட நாளிலிருந்து நேற்றுவரை உள்ள அத்தனையையும் திரும்ப ஏற்றிவிடும். அந்த ஓட்டத்தை 'இப்போது ஆரம்பி' என்று தட்டிவிடுவதுதான் ட்ரிகர். சத்தம் போடாத அலாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கெல்லாம் தூக்கத்தை மோப்பம் பிடித்து ஓடுகிற ட்ரிகர். குழந்தைவேல் அண்ணன் ஒருவருக்கு மட்டும் கடிகார ட்ரிகர். அவர் மில்லில் ஷிப்டு பார்த்த மனுஷர். மில்லை மூடி எத்தனையோ காலமாகியும் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினதுபோல டக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் கருவி மோப்பம் பிடிப்பதற்குள் அவர் பல் தேய்க்கப் போயிருப்பார். அதனால் அவருக்கு ஐந்தரை மணி என்று அடித்து வைத்தோம்.

அவர் சம்சாரம் மேனகா அக்கா. போன வருடம் பொத்தானை மாற்றுவதற்காக இருவரும் ஆபீசுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் உள்ளே இருந்தபோது அக்கா என்னைக் கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏன் கண்ணு, ஒருநா இது ஓடலீன்னா என்னாகும்?"

"அடிபட்ட அன்னைக்குக் காலையில எந்திரிப்பாருங்க்கா. அவருக்கு அதுதான் இன்னிக்கு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அது நாங்க கோர்ட்டுக்குப் போகவேண்டிய நாளு கண்ணு. விவாகரத்துக்கு."

என்னால் நம்ப முடியவில்லை. ஆபீசில் எல்லோரும் அந்த இருவரைக் காட்டித்தான், இருந்தால் இப்படி இருக்கணும் என்று பேசிக்கொள்வோம்.

"மில்லை மூடுனதும் இவரு ஊட்டுல உக்காந்துட்டாரு. நான் திருப்பூருல எக்ஸ்போர்ட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். ஒருநா சோத்துல உக்காந்தவரு, 'உன்ற சம்பாத்தியத்துச் சோறு எனக்கு எறங்கல'ன்னு தட்டத் தள்ளி வெச்சுட்டாரு. நானும் பொட்டியக் கட்டீட்டுப் பொள்ளாச்சிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு பேருக்கும் ரோசம். ஒருத்தருக்கொருத்தர் பேசறதுக்கு முந்தி வக்கீலுங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. கோர்ட்டுக்கு வண்டியில போறப்பத்தான் சிங்காநல்லூருல லாரிக்காரன் தட்டீட்டான். ஆஸ்பத்திரிக்கு முதல்ல போனவ நான்தான். பக்கத்துத் தெருவுல இருந்த இவரு தம்பி வர்றதுக்கு முந்தியே போயிட்டேன். கையில இருந்த துணிப்பையோட அப்படியே அங்கயே தங்கீட்டேன்."

"அதுக்கப்பறந்தான் நல்லா ஆயிட்டீங்களே அக்கா."

"நல்லாத்தான் இருக்கறாரு. கோர்ட்டைப் பத்தி இத்தனை வருஷத்துல ஒரு பேச்சு எடுத்ததில்லை. நானும் எடுக்கறதில்லை." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அது நீங்க காலையில ஏத்தி விடற பாசந்தான கண்ணு. ஏத்தலீன்னா நான் அவருக்கு ஆகாதவ."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, நாங்க நடந்ததைத்தான் ஏத்தறோம். நேத்து ரெண்டு இட்லி தின்னாருன்னா அது ஏறும். இட்லி நல்லா இருந்துச்சான்னு அவரு நாக்குதான் சொல்லோணும். பாசத்தை ஏத்தற மிசின் எங்ககிட்ட இருந்தா எங்க முதலாளி அதை முதல்ல அவரு சம்சாரத்துக்குத்தான் மாட்டியிருப்பாரு."

அக்கா சிரித்தாள். நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

போன மாதம் எங்கள் கம்பெனி பழைய கிளவுட்டை விட்டுவிட்டுப் புதுசுக்கு மாறியது. ட்ரிகர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, புது இடத்துக்குத் தக்கபடி மாற்றி, மறுபடி ஓட்டினோம். குழந்தைவேல் அண்ணனுடையதை மாற்றியவர் எங்கள் டீம் லீடர் ஜெபராஜ். நாகர்கோவில்காரர், தங்கமான மனுஷர், அவசரம் ஒன்றுதான் அவருக்கு வியாதி. நான் எழுந்து போய், "ஓடுதா சார்?" என்று கேட்டேன். "ஓடுதுல்லா, பாரு, பச்ச எரியுது, அஞ்சரை மணி" என்று காட்டினார். நானும் பார்த்தேன். பச்சையும் எரிந்தது, ஐந்தரையும் இருந்தது.

மறுநாள் காலை நான் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் முதலில் கேட்டது. அதற்குப் பின்னால் மேனகா அக்காவின் குரல்.

"கோகிலா, ஏறலை."

"என்னக்கா சொல்றீங்க?"

"பாத்ரூமுல இருந்து பேசறேன். எந்திரிச்சதும் என்னையப் பாத்துட்டு, 'நீ எப்ப வந்தே, சாமானெல்லாம் எடுத்துட்டுப் போலாம்னு வந்தியா'ங்கறாரு. வெள்ளைச் சட்டையத் தேடறாரு. வண்டிச் சாவி எங்கேங்கறாரு. அந்த வண்டிதான் அன்னைக்கே அப்பளமாப் போச்சே."

அடுப்பை அணைத்தேன். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஏற்றம் இல்லாமல் ஒரு முழு நாள் நடமாடிவிட்டு இரவு தூங்கிவிட்டால், மூளை அந்த நாளையே பழைய நாளோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இடைப்பட்ட வருடங்களை ஏற்றினாலும் யாரோ அடுத்த வீட்டுக்காரர் கதையைக் கேட்பதுபோல்தான் இருக்கும். பகலுக்குள்ளேயே அவரைத் தூங்கவைத்து ஏற்றிவிட வேண்டும். ஊசி போட்டுத் தூங்கவைத்தால் ஏறாது, சொந்தத் தூக்கமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப இன்னிக்குத் தூங்கலீன்னா எனக்கு அவரு இல்லை. அவ்வளவுதான?"

"அக்கா, நான் வர்றேன். செவுத்துல இருக்கற முகம் பாக்கற கண்ணாடியைக் கழட்டி வைங்க. நரையைப் பாத்தா பயந்துருவாரு. வருஷத்தைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. வண்டி சர்வீசுக்குப் போயிருக்குதுன்னு சொல்லுங்க."

அன்றைக்குத் தூறல். வெள்ளைச் சுடிதாரின் மேல் கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். உப்பிலிபாளையத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்து விட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, வாங்க அம்மிணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். இன்று யாரோ சேல்ஸ் பெண் வருகிறாள் என்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு உண்மையிலேயே வலித்தது. கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மேனகா வெச்ச வக்கீலம்மாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேறு யார் என்று சொல்வது?

"ஆமாங்க" என்றேன்.

"வயசு சின்னதா இருக்குதே. மொதோ கேஸுங்களா?"

"ரெண்டாவதுங்க" என்றேன், என்னமோ அது பெரிய கௌரவம் மாதிரி. "ஜட்ஜ் ஐயா காலையில லீவுங்களாம். மத்தியானத்துக்கு மேலதான் கூப்பிடுவாங்க. சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதையும் எதிர்க்கட்சி வக்கீலு வந்துதான் சொல்லோணுமா? நம்ம வக்கீலு போனையே எடுக்க மாட்டேங்கறான்." அவர் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கோபமாக இருக்கும்போதுகூட வந்தவரை நிற்கவைக்க மாட்டார் அந்த மனுஷர்.

நான் அடுப்படிக்குள் போனேன். அக்கா அரிசிக் குண்டாவில் கையை விட்டபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படித்தான் தூங்கவெக்கறது அக்கா?"

"பகல்ல கண்ணசரவே மாட்டாரு. நைட் ஷிப்டு முடிச்சுட்டு வந்தாலும் தென்னைக்குத் தண்ணி கட்டப் போற ஆளு." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். "அரிசிம்பருப்பு ஆக்கிப் போட்டா தூங்குவாரு. அதுக்கு மட்டுந்தான் மசிவாரு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாயோடு தாளித்து ஒட்டுக்கா வேகவைப்பது. மேலே நெய்யை ஊற்றி, கடைசியில் தயிரையும் ஊற்றிச் சாப்பிட்டவர், உட்கார்ந்த இடத்தைவிட்டு நிமிர்ந்த நடையோடு எழுந்துபோனதாக இந்தக் கோயம்புத்தூர் ஜில்லாவில் சரித்திரம் கிடையாது.

"அப்புறம் என்னக்கா, ஆக்குங்க."

"நான் ஆக்குனா தொடமாட்டாரு கண்ணு." அக்காவின் குரல் உடைந்தது. "வெளிய உக்காந்திருக்கறவரு யாருன்னு நெனச்சே? என்ற சோத்தைத் தள்ளி வெச்ச ஆளு அவரு."

"நான் ஆக்கிட்டு வந்தேன்னு சொல்லிக்கறேன்."

"உனக்கு ஆக்கத் தெரியுமா?"

"சுடுதண்ணி வெப்பேன்."

அத்தனை துக்கத்திலும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆக்கி முடித்ததும் டிபன் கேரியரில் போட்டுக் கொடுத்துவிட்டு, பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோம். அக்கா கண் முன்னால் இருந்தால் அவர் வீம்புக்காவது பட்டினி கிடப்பார்.

நான் மறுபடி வாசலுக்கு வந்து, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு என் லேப்டாப் டிங் என்று அடித்தது. பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 'ஐந்தரை மணி ஓட்டம் தொடங்கியது' என்று பச்சையாக எழுதியிருந்தது. அடுத்த நிமிடமே, 'ஆள் விழித்திருக்கிறார், ஓட்டம் நின்றது' என்று சிவப்பாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுக் கிளவுட்டின் கடிகாரம் லண்டன் பக்கத்துக் கடிகாரம். நாம் சொல்லி மாற்றாவிட்டால் அது அங்கே ஐந்தரை அடிப்பதைத்தான் ஐந்தரை என்று நினைத்துக்கொள்ளும். அங்கே ஐந்தரை என்றால் இங்கே பதினொன்று. பச்சை விளக்கு பொய் சொல்லவே இல்லை. நாங்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"என்னுங்க வக்கீலம்மா, மொகம் சுண்டிப் போச்சு?" என்றார் அண்ணன்.

"ஆபீசுல ஒரு அறிவாளி வேலை பாத்திருக்காருங்க" என்றேன்.

மதியம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன். கேஸ் முடியும்வரை எதிர்க்கட்சி வக்கீலோடு சாப்பிடலாமா என்று அண்ணன் ஒரு சந்தேகம் எழுப்பினார். சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்று அடித்துவிட்டேன். வெளியே வாசனை வந்ததும் அவரே உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதல் வாய் போட்டார். மென்றார். நிறுத்திவிட்டார்.

"இது நீங்க ஆக்குனதா அம்மிணி?"

"ஆமாங்க."

"பூண்டைத் தோலோட தட்டிப் போட்டிருக்குது. எங்க சனத்துலயே மேனகா ஒருத்திதான் இப்படிப் போடுவா. பொய் சொல்லக் கத்துக்குடுத்துத்தான் வக்கீலுக்குப் படிக்க வெக்கறாங்களாட்ட இருக்குது."

அவர் கை தட்டின் விளிம்பில் இருந்தது. அந்தக் கை தட்டைத் தள்ளப் போகிறது என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் ஒருத்தி தன் வாழ்க்கையையே இந்த ஒரு தட்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.

"நெய் இன்னுஞ் சித்த ஊத்துங்க" என்றார்.

ஊற்றினேன். அவர் கேட்டதைவிட நிறையவே ஊற்றிவிட்டேன். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாவது தரம் போட்டபோதுதான் பேசினார்.

"இந்தச் சோத்தைத்தானுங்க வேண்டாம்னு சொன்னேன். அன்னைக்கு எனக்கு மில்லு மேல கோவம். மில்லுகிட்டச் சொல்ல முடியுமா? இவகிட்டச் சொல்லீட்டேன்."

நான் தயிர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நீங்க எதிர்க்காம இருந்தாப் போதும். இன்னிக்கு நான் கையெழுத்துப் போடறதா இல்லீங்க. ஜட்ஜ் ஐயாகிட்ட ஒரு வாய்தா கேக்கப் போறேன்."

"வாய்தாவா? எதுக்குங்க?"

"சும்மாதான். அப்பறம் இன்னொரு வாய்தா கேப்பேன். அது முடிஞ்சா இன்னொண்ணு. நம்ம கோர்ட்டு லட்சணத்துக்கு இப்படியே இழுத்துட்டுப் போனா, தீர்ப்பு வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா கெழடாயிரலாம். அதுவும் சேந்து இருந்த கணக்குத்தானுங்க?" தயிரை ஊற்றிப் பிசைந்தார். "அவகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. நானே சொல்லிக்கறேன். எப்படிச் சொல்றதுன்னுதான் இன்னும் பிடிபடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சோற்றில் மிளகாய் என்று சமாளித்தேன்.

கை கழுவிவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். "சித்த சாயறேனுங்க. ஜட்ஜ் வந்துட்டா எழுப்புங்க" என்றார். ஜட்ஜ் எதற்கு உப்பிலிபாளையத்துக்கு வருகிறார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நெய் தன் வேலையைக் காட்டிவிட்டது. குறட்டை கேட்டதும் லேப்டாப்பைத் திறந்து, ட்ரிகருக்காகக் காத்திராமல் என் கையாலேயே ஓட்டத்தைத் தட்டிவிட்டேன். பின்கதவு வழியாக வந்த அக்கா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அவர் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டம் முடிகிறவரை அதை விடவில்லை.

அவர் கண் விழித்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அட, கோகிலா அம்மிணி. எப்ப வந்தீங்க? ஏன் மேனகா, ஊட்டுக்கு ஒறம்பர வந்திருக்கறப்ப என்னையப் பகல்ல தூங்க உட்டுட்டு வேடிக்கை பாக்கறே? அம்மிணிக்குக் காபி குடுத்தியா?"

"வெக்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்கு ஓடினாள். மறுபடியும் குழாய்ச் சத்தம். இந்த வீட்டில் தண்ணீர் வரி ஏன் அதிகம் என்று எனக்குப் புரிந்துபோனது. நான் பின்னாலேயே போனேன்.

"எம்மேல என்ன சொன்னாரு கண்ணு? நொம்பத் திட்டுனாரா?" அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லக்கூடாதுங்க்கா. ஏத்தாத நேரத்துல பேசுனதை ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு கம்பெனி விதி. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பதிஞ்சது அவருக்கும் ஏறாது, அப்படியே விட்டுருவோம்."

"அப்ப திட்டித்தான் இருப்பாரு" என்றாள் அக்கா. "பரவால்ல. சாப்பிட்டாரில்ல."

அந்த 'சாப்பிட்டாரில்ல' என்னை ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் பிடுங்கிக்கொண்டே வந்தது. விதியாம் விதி. எழுதினவன் அரிசிம்பருப்பு சாப்பிட்டிருக்க மாட்டான்.

ஆபீசில் ஜெபராஜ் சார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மணியப் பாத்தேன், ஊரப் பாக்கலியே மக்கா" என்றார். திட்டலாம் என்றுதான் வந்தேன், மனது வரவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ட்ரிகரை நிறுத்தினேன். கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினேன். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும். 'ஓட்டம் தவறிய நேரத்துப் பதிவு: விடு, சேர்.' எப்போதும் 'விடு' என்பதில்தான் இருக்கும். நான் 'சேர்' என்பதைத் தொட்டேன்.

"அத எதுக்குத் தொடுத?" என்றார் ஜெபராஜ் சார்.

"இன்னிக்கு மத்தியானம் அவரு ஒண்ணு சொன்னாரு சார். சொன்னது அவருக்கே தெரியாமப் போகக்கூடாது."

"நாளைக்கி எந்திச்சு, பெஞ்சாதியும் ஆபீஸ்காரியும் சேந்து நம்மள ஏமாத்திட்டாவன்னு நெனச்சா? கண்ணாடியக் கழத்தி ஒளிச்சு வச்சதும் ஞாபகம் வருமில்லா? மனசு ஒடிஞ்சு போவாரு. அதுக்குத்தான இந்த விதிய வச்சிருக்கு."

அவர் சொன்னது சரிதான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அத்தனை வருடமாகக் கட்டிக் காத்ததை ஒரு தொடலில் உடைத்துவிட்டால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"அவரு வாயால சொன்னதை அவருகிட்ட இருந்தே பிடுங்கி வெச்சுக்க நாம யாருங்க சார்?" என்றேன். "நானே சொல்லிக்கறேன்னு சொன்னாரு. சொல்றதுக்கு அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா?"

அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஓடுதா?" என்றார்.

ட்ரிகரை ஓட்டினேன். "ஓடுது சார்."

"எந்த ஊரு மணி?"

"நம்மூரு மணி."

மறுநாள் காலை எழுந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு அடித்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போனும் அடித்தது. இந்தத் தரம் குழாய்ச் சத்தம் இல்லை.

"என்ன பண்ணி வெச்சே கண்ணு?" என்றாள் மேனகா அக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னாச்சுங்க்கா?"

"எந்திரிச்சதும் நேரா அடுப்படிக்கு வந்தாரு. 'நேத்து கறுப்புக் கோட்டுல வந்தது கோகிலாதான?'ன்னாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. 'ஆமாங்க மாமா'ன்னேன். சித்த நேரம் செவுத்தைப் பாத்துட்டு நின்னாரு. அப்பறம், 'மேனகா, எனக்கொரு வாய்தா வேணும்'னாரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாத்தையும் சொன்னாரு. அன்னைக்கு வாய்தா கேக்கத்தான் போனாராம். அது அவருக்கு மறக்கவே இல்லையாமா, அடிபடறதுக்கு முந்தி நெனச்சதாச்சே. தெனமும் எந்திரிக்கறப்ப அதுதான் முதல்ல நெனப்புல இருக்குமாம். அப்ப இத்தனை வருஷமா ஏன் சொல்லலீன்னு கேட்டேன் கண்ணு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'கோர்ட்டுன்னு வாயெடுத்தா உனக்கு ஞாபகம் வந்துருமேன்னுதான்'ங்கறாரு. நான் கேஸு போட்டதை மறந்துட்டுத்தான் அவருகூட இருக்கறனாம். ஞாபகம் வந்தா போயிருவேனாம்."

தூங்கினால் எல்லாம் மறந்துபோகிற மனுஷர், பெண்டாட்டிக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டு எழுந்திருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"நானும் சொல்லாத ஒண்ணு இருந்துச்சு கண்ணு. அன்னைக்கு நான் கோர்ட்டுக்குப் போற பஸ்ஸே ஏறல. துணிப்பையத் தூக்கீட்டு ஊட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தேன். பஸ்ஸு சிங்காநல்லூருல நின்னுது. கூட்டமா இருக்குதேன்னு எட்டிப் பாத்தேன். இவரு சட்டைதான் முதல்ல தெரிஞ்சுது." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "வேண்டான்னு சொன்ன ஊட்டுக்கு நானாத் திரும்பி வந்தேன்னு எப்படிச் சொல்றது? அதான் ஆஸ்பத்திரிக்கு வந்ததாவே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "அன்னைக்குக் கோர்ட்டுல எங்க ரெண்டு பேரு பேரையும் கூப்பிட்டிருப்பாங்க இல்லீங்க வக்கீலம்மா? ஒருத்தரும் வர்லீன்னு கேஸைக் கட்டி மூலையில போட்டிருப்பாங்க."

"அப்படித்தாங்க இருக்கும் அண்ணா" என்றேன்.

"அப்ப எனக்கு வாய்தா?"

அக்கா, என்னிடம் இல்லை, அவரிடம் சொன்னாள்.

"குடுத்தாச்சு மாமா. போயி பல்லத் தேச்சுட்டு வாங்க."